பின்சீட்டில் உட்கார்ந்தவர்

காருக்குப் புதிதாக ஒரு பாகத்தைப் பூட்டியவர்கள் முதலில் தாங்களே ஏறி ஓட்டிப் பார்ப்பார்கள். அவர் அப்படிச் செய்வதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் சாவியை நீட்டுவார். பின்கதவைத் திறந்து இடது ஓரமாக உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

“போங்க தம்பி. மெதுவாவும் வேணாம், வேகமாவும் வேணாம். ஒங்க இஷ்டத்துக்குப் போங்க.”

நான் ஹட்டனில் செய்தியாளனாக இருந்த காலத்தில் பக்கத்தில் நின்றவன் பெரும்பாலும் நான்தான். நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழேதான் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. பாதி நேரம் வாடகைக் கார் ஓட்டுவார், மீதி நேரம் மற்றவர்களின் வாகனங்களைத் திருத்துவார். எங்கள் பக்கத்தில் கொத்தனார், தச்சர், மெக்கானிக் என்று கைத்தொழில் தெரிந்த எவரும் ‘பாஸ்’தான். அவரையும் எல்லோரும் பாஸ் என்றே கூப்பிட்டார்கள்.

ஓட்டிப் பார்க்க ஏன் என்னையே அழைக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். பாராட்டு வரும் என்று நினைத்தேன்.

“நல்லா ஓட்டுறவன் வண்டியோட குத்தத்த மறைச்சிருவான் தம்பி. ஒங்களுக்கு அந்த வேல தெரியாது.”

மலையில் பிறந்து, மலைப்பாதையிலேயே பிழைத்த அந்த மனிதருக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளாது. ஸ்டியரிங் தன் கையில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. கொழும்புக்குப் போய் அன்றே திரும்பி வருவார். வேறொருவர் ஓட்டினால் கொட்டகலை தாண்டும் முன்னரே முகம் வெளுத்துவிடும். தலவாக்கலைக்குள் கதவைத் திறக்கச் சொல்வார். இந்தப் பாதைகளில் இது புதிதல்ல. பஸ்ஸில் நடத்துனர் டிக்கட்டோடு, வாந்தி வருகிறவர்களுக்கென்று சிலுசிலுக்கும் பொலித்தீன் பையும் வைத்திருப்பார். கேட்டு வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வாங்குவார்கள். அவருக்குக் கூச்சம் கிடையாது. மற்றவர்கள் மறைக்கிற பலவீனத்தை அவர் ஓர் அளவுகோலாக வைத்திருந்தார்.

நான் முதல்முறை அவரை ஏற்றிக்கொண்டு போனபோது வழியில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, பாதையோரத் தேயிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். போத்தல் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார். பயந்துபோய் நின்ற என்னிடம் அமைதியாகச் சொன்னார்:

“வண்டிக்கு முன்பக்கம் திரும்பி முடிஞ்சதுக்கு அப்பறம்தான் பின்பக்கம் திரும்புது. அந்த நேரத்துலதான் மேல வருது.”

பிறகு ஈரமான பாதையில் படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டார். அவர் விழுந்து கிடக்கிறார் என்று நினைத்து ஒரு லொறிக்காரர் சிங்களத்தில் கூவிக்கொண்டே ஓடி வந்தார்.

அவருடைய சொந்தக் கார் சாதாரணமான வெள்ளைச் செடான். ஜப்பானில் யாரோ அலுவலகம் போய்வந்து பழசாக்கிய பிறகு இங்கே வந்தது. ஹட்டன் ரயில் நிலைய வாசலில் அதைப் போல இன்னும் பல நின்றன. பல வருடங்களாக அதில் எதையும் அவர் மாற்றவில்லை. மாற்றத் தொடங்கியது மகளுக்குக் கல்யாணம் பேசிய பிறகுதான்.

மகள் ஆசிரியை. வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தோட்டப் பாடசாலைதான் வேண்டும் என்று அலைந்து வாங்கியவள். அப்பாவின் வயிறு அவளுக்கும் வந்திருந்தது. மாப்பிள்ளை வீடு பட்டிப்பொலவில். நிச்சயம் பேசிய பிறகு பெண் வீட்டார் வேன் பிடித்து அங்கே போனார்கள். வேனை அவரே ஓட்டியதால் அவருக்கு ஒன்றுமில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மகள், மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியதும் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தாள். வரவேற்க நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை, பெண்ணின் அம்மாவைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாராம்:

“ஒளிக்காம சொல்லுங்க. பொண்ணுக்கு நாள் ஏதும் தள்ளிப் போகலையே?”

இதை பாஸ் என்னிடம் சொன்னபோது ஒரு நட்டை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். குரலில் கோபமில்லை. “கேட்டாங்களாம்” என்று மட்டும் சொல்லி நட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கல்யாண மண்டபம் நுவரெலியாவில். ஹட்டனிலிருந்து ஏறிக்கொண்டே போகிற, வளைவுக்கு மேல் வளைவாக வருகிற பாதை. மணப்பெண் மண்டப வாசலில், மேளத்துக்கு முன்னால், மறுபடி அப்படிக் குனிந்தால் அடுத்த முறை எவரும் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. வாசலிலேயே பேசுவார்கள். அவருக்கு அது தெரியும். மகளுக்கும் தெரியும், அவள் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கியிருந்தாள்.

ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நானும் சொன்னேன்.

“மாத்திரை ஒண்ணு குடுத்தா என்ன?”

“தூக்கம் வரும். தாலி கட்டுறப்ப கொட்டாவி விட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பா. அதுக்கு என்ன பேச்சு வருமோ.”

“நானுஓயா வரைக்கும் ரயில்ல போகலாமே.”

“ரயிலு வர்ற நேரத்துக்கு முகூர்த்தம் நிக்குமா?” என்றார். பிறகு, “நான் வண்டிக்காரன் தம்பி. எம்மவள ரயில்ல ஏத்தி அனுப்பிட்டு நான் அப்பறம் இங்க என்னா வண்டி ஓட்டுறது?” என்றார்.

மறுநாள் ஹாஜியாரின் கடைக்குப் போனோம். ஜப்பானிலிருந்து வரும் பழைய உதிரிப்பாகங்களை விற்கும் கடை. ஹாஜியார் வெளியே நின்ற வெள்ளைக் காரை எட்டிப் பார்த்தார்.

“கடேசீல பாஸுக்கும் ஆச வந்திட்டா? செல்லுங்க, என்ன போடுவம்? நல்ல சைலன்சர் ஒண்டு ஈக்குது. ஸ்டார்ட் பண்ணினா டவுனே திரும்பிப் பாக்கும்.”

“திரும்பிப் பாக்க வேணாங்க ஹாஜியார். யாருக்கும் தெரியவே கூடாது.”

“அப்ப ஏன் காச கரைக்கிறீங்க?”

“வயித்துக்கு.”

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வேலை முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்ற மாட்டார். ஒன்றைப் பூட்டி, பின்சீட்டில் உட்கார்ந்து போய், வயிறு என்ன சொல்கிறதென்று கேட்டுவிட்டுத்தான் அடுத்தது. முதலில் பிரேக். பெரிய தட்டும் நல்ல பேடும் போட்டார். அழுத்தினால் தலை முன்னால் குத்தாமல் கார் தானாக அடங்கி நின்றது. அடுத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற தடித்த இரும்புத் தண்டு. வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்வதை அது பிடித்து நிறுத்தும். பிறகு, குலுக்கலை வாங்கிக்கொள்கிற ஷொக். குமிழைத் திருகினால் இறுகவும் இளகவும் செய்கிற வகை. பின்பக்கத்துக் குமிழ்கள் டிக்கிக்குள் இருந்தன.

ஷொக்கில்தான் பிழை விட்டார். கல்யாணத்தன்று கார் நிறைய ஆள் இருக்கும் என்பதால் பாரம் ஏற்றித்தான் சரி பார்க்க வேண்டும். ஆட்கள் கிடைக்கவில்லை. கந்தப்பளையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிக்காரரிடம் உருளைக்கிழங்கு மூட்டைகளை இரவல் வாங்கினார். முன்சீட்டில் ஒன்று, பின்சீட்டில் இரண்டு, ஆளைப் போல நிமிர்த்தி வைத்து சீட் பெல்ட்டும் போட்டார். கொட்டகலைச் சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, மூட்டைகளுக்கு பெல்ட் இருப்பதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னார்.

மூட்டைகளோடு ஒரு கிழமை, ஏழு நாளும், திருகினார். இறுக்க இறுக்க மூட்டைகள் அசையாமல் இருந்தன. கடைசியில் ஒரு கிழங்குகூட உருளவில்லை. “முடிஞ்சிருச்சு தம்பி” என்று மூட்டைகளை இறக்கிவிட்டுத் தானே ஏறினார். தலவாக்கலை வருவதற்குள் இரண்டு முறை நிறுத்தினேன். ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டு வழியாக ஏறித் தலையை ஆட்டியது.

பாதையோரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மூட்டைக்குக் கழுத்து இல்லையே,” என்றார்.

அன்றிலிருந்து கழுத்துள்ளவர்களைத்தான் ஏற்றினார். மாலையில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லய வீடுகளுக்கு நடக்கிற பெண்களை மறித்து, “லயத்துல விட்டுடுறேன், ஏறுங்கக்கா” என்பார். அவர்கள் ஏறுவார்கள். இறங்கும்போது ஒவ்வொருவரும் அறிக்கை கொடுக்க வேண்டும்.

“நேத்து கோயிலடி வளைவுல காது ரெண்டும் அடைச்சிச்சு. இன்னைக்கு இல்ல.”

“எனக்கு நேத்துதாங்க சொகமா இருந்திச்சு. தொட்டில்ல போட்ட மாதிரி.”

“தொட்டில்ல போட்டா எங்களுக்கு வாந்தி வரும்க்கா,” என்றார் பாஸ்.

“அப்ப ஒங்கள வளத்தவ பாடு என்னா பாடு பட்டிருப்பா!”

கார் நிறையச் சிரிப்பு. அவர் சிரிக்காமல் டிக்கியைத் திறந்து குமிழை ஒரு சுற்று இளக்கினார்.

சாய்வும் அதிர்வும் அடங்கிய பிறகு இன்னொன்று மிஞ்சியது. நானுஓயாவை நோக்கி ஏறும்போது காற்று மெலிந்து எஞ்சினுக்கு மூச்சு முட்டும். ஏற்றத்தில் கியர் தானாகக் கீழே விழும், மேலே போகும், திரும்ப விழும். ஒவ்வொரு முறையும் வயிற்றில் ஒரு உந்தல். அதற்காகத்தான் எஞ்சினில் கை வைத்தார். காற்று தாராளமாக உள்ளே போகிற வழியும், புகை தடையில்லாமல் வெளியே வருகிற குழாய்களும் பூட்டினார். சத்தத்தை அடக்கப் பழைய சைலன்சரை அப்படியே விட்டார். இளைஞர்கள் வேகத்துக்காகத் தேடுகிற குதிரைச் சக்தியை அவர் கியர் மாறாமல் இருப்பதற்காகத் தேடினார்.

அவருடைய மனைவி இதையெல்லாம் கொட்டகை வாசலில் நின்று பார்ப்பார். பின்சீட்டில் உட்காரச் சொன்னால் மறுத்துவிடுவார்.

“எனக்கு வவுறு நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஒங்க ரெண்டு பேருக்கும்தான்.” பிறகு என்னிடம்: “ஊருல எல்லாம் பறக்குறதுக்குக் கார மாத்துறாங்க. இவரு தின்னத எறக்குறதுக்கு மாத்துறாரு. இதப் பேப்பர்ல போடுங்க தம்பி.”

நான் போடவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஒருநாள் மத்தியானம் ஹட்டனிலிருந்து நானுஓயா ரயில் நிலையம் வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் கண்கள் மூடியிருந்தன. எலுமிச்சம்பழம் கையில் இல்லை, சீட்டில் கிடந்தது. நிலைய முற்றத்தில் இறங்கினார். பனிமூட்டத்தில் நின்று வயிறு என்ன சொல்கிறதென்று கவனித்தார். நேரே கடைக்குப் போய் எண்ணெய் வடியும் பருப்பு வடை வாங்கி, என் முன்னால் நின்று முழுவதையும் தின்றார். ஓர் ஓட்டப் பந்தயக்காரன் கோப்பையை உயர்த்திப் பிடிப்பதைப் போல, வடையோடு கொடுத்த மிளகாயைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்த கிழமை மகளை உட்கார வைத்தோம். நுவரெலியா வரை போய்த் திரும்பினாள். வீட்டு வாசலில் இறங்கி, “பசிக்குது” என்றாள். அவளுடைய அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடப் போனார்.

கல்யாணக் காலையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து கார் வந்தது. பெண்ணை அழைத்துப்போக அவர்கள் கார் அனுப்புவதுதான் வழக்கம். பூச்சரமும் நாடாவும் கட்டிய சிவப்புக் கார். தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்த்தியிருந்தது. அது வருவது அடுத்த தோட்டத்துக்கே கேட்டிருக்கும். ஓட்டி வந்தவன் மாப்பிள்ளையின் சித்தப்பா மகன். அதிலிருந்து அத்தை இறங்கினார். பட்டுச்சேலை, நிறைய நகை, முகம் மட்டும் ஈரச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாஸ் சிவப்புக் காரைச் சுற்றி வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார்.

“நல்ல சாமான் போட்டிருக்கீங்க மாப்ள.”

“சும்மா பறக்கும் மாமா!”

“பின்னாடி ஒக்காந்து பாத்திருக்கீங்களா?”

“நான் ஏன் மாமா பின்னாடி ஒக்காரணும்? வண்டி என்னுது.”

பாஸ் தலையை ஆட்டினார். பிறகு அத்தையிடம் போய்க் கையைக் கூப்பினார். “பொண்ணு எங்க வண்டியில வரட்டுங்க. நீங்களும் துணைக்கு அவகூடயே வாங்க.”

அத்தை வெள்ளைக் காரைப் பார்த்தார். அதில் ஒரு பூகூட இல்லை. “பொண்ணு எடுக்க வந்த வண்டி வெறுமையாத் திரும்புறதா? நல்லாவா இருக்கு?”

“வெறுமையாப் போகாது. பொண்ணோட அப்பன் நான் அதுல வர்றேன்.”

அதற்கு மேல் மறுக்க எவருக்கும் வழியில்லை. மரியாதையாகவும் இருந்தது. அவருடைய மனைவி மட்டும் அவரை உற்றுப் பார்த்தார். அவர் அந்தப் பார்வையைச் சந்திக்கவில்லை. சாவியை என்னிடம் கொடுத்தார். சிவப்புக் காரின் பின்கதவைத் திறந்து, வழக்கம்போல் இடது ஓரமாக உட்கார்ந்தார்.

தலவாக்கலை தாண்டிய பிறகுதான் கவனித்தேன்: எலுமிச்சம்பழம் எனக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே இருந்தது. பிற்பாடு அதைப் பற்றிக் கேட்டபோது, “மறந்துட்டேன்” என்றார். எதையும் மறக்கிற மனிதர் அல்ல அவர்.

வெள்ளைக் காருக்குள் நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். பக்கத்தில் பெண்ணின் அம்மா தாம்பாளத்தோடு. பின்னால் பெண்ணும் அத்தையும். அத்தை கொட்டகலை வரை கதவின் பிடியை விடவில்லை. பிறகு பிடி தளர்ந்தது. தலவாக்கலையில் பெண்ணின் வளையல்களை எண்ணிப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார். நானுஓயாவுக்கு ஏறுகிற பாதையில், எஞ்சின் ஒரே குரலில் இழுத்துக்கொண்டிருந்தபோது, பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அத்தை பெண்ணின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெண் அசையாமல், நிமிர்ந்து, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் சிவப்புக் காரின் சத்தம் வளைவுக்கு வளைவு நெருங்கி வருவதும் பின்தங்குவதுமாக இருந்தது.

மண்டப வாசலில் மேளம் தொடங்கியது. பெண் இறங்கினாள். சேலையில் ஒரு மடிப்பும் கலையவில்லை. ஆரத்தித் தட்டின் முன்னால் நின்று சிரித்தாள். கூட்டத்தில் சிலர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்ததையும் நான் கண்டேன்.

அப்போது சிவப்புக் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றது. பின்கதவு திறந்தது. பட்டு வேட்டி கட்டிய பெண்ணின் தகப்பனார் வெளியே வந்தார், நான்கு எட்டு வைத்தார், வாசல் ஓரத்துப் பூச்செடிகளுக்குப் பக்கத்தில் குனிந்தார். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். எல்லோரும் பார்க்க, எதையும் மறைக்காமல், நிதானமாக வாந்தி எடுத்தார்.

பிறகு அத்தையின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

“அட! அப்பனுக்கும் இதுதானா?”

அத்தை பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விஷயம் பிடிபட்டது. சுற்றி நின்ற பெண்களிடம், தானே கண்டுபிடித்ததைப் போன்ற பெருமிதத்தோடு சொன்னார்:

“கேட்டுக்கங்கடி. அன்னைக்கு நம்ம வாசல்ல பொண்ணு வாந்தி எடுத்தது வேற ஒண்ணுமில்ல. அப்பன் வழி! மூக்கும் அப்பன் வழிதான், பாருங்க.”

சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு. மேளம் மறுபடி தொடங்கியது. பெண்ணின் அம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு கணவரிடம் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையில் தண்ணீரை ஊற்றினார், அவர் கொப்பளித்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் நேரே அத்தையிடம் வந்தார்.

“நீங்க எப்படிங்க வந்தீங்க?”

“எப்படி வந்தேனா? தூங்கிட்டேங்க. இந்தப் பாதையில நான் கண்ண மூடுனது இதுதான் மொதத் தடவ.”

பதினான்கு வருடம் செய்தி எழுதியிருக்கிறேன். பரிசு வாங்குகிறவர்கள் பலரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த முகம் வேறு. வெளுத்துப் போயிருந்தது, உதடு காய்ந்திருந்தது, ஆனாலும் அவ்வளவு நிமிர்ந்த முகத்தை நான் எந்த மேடையிலும் பார்க்கவில்லை. அது கொஞ்ச நேரந்தான் நின்றது.

“எங்கயாச்சும் முழிச்சீங்களா?” என்று கேட்டார்.

அத்தை யோசித்தார். “நானுஓயா தாண்டி ஒரு வளைவுல லேசா முழிச்சேன்.”

“எந்தப் பக்கம் சாஞ்சீங்க?”

“என்னாங்க இது... பொண்ணு பக்கந்தான்.”

உள்ளேயிருந்து ஐயர் பெண்ணின் தகப்பனாரைக் கூப்பிட்டார். பிறகு மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டார்கள். கடைசியில் அவருடைய மனைவி வாசலுக்கே வந்து நின்றார். வெள்ளைக் காரின் டிக்கி திறந்திருந்தது. பட்டு வேட்டியின் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, அதற்குள் பாதி உடம்பை விட்டு, அவர் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து புதுத் துண்டிலேயே கையைத் துடைத்தார். சாவியை என் கையில் வைத்தார்.

“திரும்பிப் போறப்பப் பாருங்க தம்பி,” என்றார். “அந்த வளைவுல இனி யாரும் முழிக்க மாட்டாங்க.”

பிறகு மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க உள்ளே போனார்.